ஆம்பலுக்குக் குரல் கொடுத்தவர்

ஒலிப்பதிவு அறைக்குள் போகும் முன் அவர் வளையல்களைக் கழற்றி வாசலில் இருக்கும் சின்னத் தட்டில் வைத்துவிடுவார். மைக்குக்கு எல்லாம் கேட்கும். வளையல் உரசினாலும் கேட்கும், புதுத்துணி கசங்கினாலும் கேட்கும், பசித்த வயிறு முனகினாலும் கேட்கும். ஒருமுறை நாயகி கண்ணீரோடு கணவனிடம் விடைபெறும் காட்சியில் இவர் வயிறு உறுமிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர், "அக்கா, வயிறு தனியா வசனம் பேசுது. அதுக்கு யாரு சம்பளம் குடுக்கறது?" என்றார். அன்று முதல் பையில் இரண்டு வாழைப்பழம் இல்லாமல் அவர் வேலைக்கு வருவதில்லை.

வேலை டப்பிங். வேறொரு மொழியில் எடுத்த நெடுந்தொடரில் நாயகியாக வருகிறவளின் வாயசைப்புக்குத் தமிழில் பேச வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, வீட்டில் மருமகளுக்கு அத்தை. நாமும் அத்தை என்றே சொல்லிக்கொள்ளலாம். தலை நன்றாக நரைத்துவிட்டது. குரலுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

தொடரின் நாயகிக்குத் தமிழில் ஆம்பல் என்று பெயர். தண்ணீரில் விழுந்த எறும்பைக்கூட விரலில் ஏந்தித் தரையில் விட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். மாமியார் திட்டினால் தலை குனிவாள், யாராவது அழுதால் தோளைக் கொடுப்பாள். நாலு வருஷமாக மாலைதோறும் வீட்டுக்கு வீடு அவள் வந்துபோனதில், பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தடுப்பூசி போடும் இடத்தில் ஒரு ஆம்பலைக் கூப்பிட்டால் இரண்டு தாய்மார்கள் எழுந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அத்தைக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று காலை திரையில் ஆம்பல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மருந்துக் குப்பி. வசனகர்த்தா தாளை நீட்டினார். அத்தை ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"தம்பி, இது யாரு பேசற வசனம்?"

"ஆம்பல்தான் அக்கா."

"கனவு கினவு காண்றாளா?"

"கனவு இல்லக்கா. நிஜமாவே கலக்கறா. நாத்தனார் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லையா, அந்த மருந்துல." வசனகர்த்தா பேனா மூடியைக் கடித்தார். "அந்த நடிகைக்கு வேற எங்கயோ பெரிய வாய்ப்பு வந்துடுச்சாம். போறேன்னுட்டாங்க. போறவளை நல்லவளா அனுப்பினா ஜனங்க சீரியலையே விட்டுடுவாங்க. அதனால கெட்டவளாக்கி அனுப்பறாங்க. சொத்து ஆசையாம். கடைசியில மாடியிலேர்ந்து விழுந்து செத்துடுவா."

"அந்தக் குழந்தை?"

"பொழைக்காது அக்கா."

அத்தை தாளை எதிரே இருந்த ஸ்டாண்டில் வைத்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். திரையில் ஆம்பலின் முகம் முழுசாக வந்தது. மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் குரல் வேண்டும். அத்தை சிரித்தார். "குடிச்சுடு கண்ணு, எல்லா வலியும் போயிடும்" என்றார். ஒரே டேக்கில் முடிந்தது.

"எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சுக்கா" என்றார் ஒலிப்பதிவாளர்.

அத்தை வெளியே வந்து குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார். மூன்று நான்கு தடவை கொப்பளித்தும் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது போலவே இருந்தது.

தொடரைப் பற்றிய துக்கம் அல்ல அது. கதை எழுதுகிறவர்கள் எதையும் எழுதுவார்கள், பேசுகிறவர்கள் பேசத்தான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் எட்டு மாத வயிற்றோடு மருமகள் படுத்திருந்தாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அவள் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டாள். தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதனோடு பேசுகிறாள். ஆம்பல், எழுந்துட்டியா? ஆம்பல், அப்பா வந்துட்டார் பாரு.

சாயங்காலம் வீடு திரும்பியபோதும் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. மகனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. சட்டைக் கையில் கிரீஸ் கறையோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உங்க அக்கா ஒரு பேர் அனுப்பியிருக்காங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு போட்டிருக்கு தெரியுமா? 'அர்த்தம் நிறைந்தவள்'. என்ன அர்த்தம்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

"அக்கா எப்பவும் அப்படித்தான்" என்றாள் மருமகள்.

"எங்க மேஸ்திரி பொண்ணுக்கு ஏதோ கார்ட்டூன்ல வர்ற இளவரசி பேரு. கூப்பிட வரலன்னு இப்ப எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடறாங்க. அது காலேஜ் போனாலும் பாப்பாதான். நம்ம தொழிலுக்குப் பொருத்தமா வைப்போமே. பொண்ணு பொறந்தா ஏறு, பையன் பொறந்தா இறங்கு."

"பையன் பொறந்தா நீங்க எதை வேணா வைங்க. பொண்ணுன்னா பேரு இருக்கு. இனிமே யாரும் பேர் தேட வேணாம்." மருமகள் தலையணையைச் சரிசெய்துகொண்டு அத்தையைப் பார்த்தாள். "அத்தை, நான் பார்த்தேன். ஆம்பல்னா அல்லிப்பூவாம். தாமரை வெளிச்சம் வந்தாத்தான் பூக்கும். இது இருட்டின அப்புறம் பூக்குமாம். எவ்வளவு நல்லா இருக்கு."

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் அத்தை. கைகால் கழுவப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்தது. மாதம் நிறையாமல் வந்தது. அழவில்லை. மூச்சுவிடவும் இல்லை. பெயர் வைப்பதற்கு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பெயர் இல்லாத பிள்ளைக்காக ரொம்ப அழக்கூடாது என்று சட்டம் இருப்பதுபோல வந்தவர்கள் எல்லோரும் நடந்துகொண்டார்கள். "முகம் பார்த்துப் பழகறதுக்கு முன்னாடியே போச்சே, அந்த மட்டும் நல்லது" என்றார்கள். "சின்ன வயசு, இன்னொண்ணு பொறக்கும்" என்றார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வாரங்கள் போயின, அவள் திரும்பவில்லை.

அத்தை சூடாகச் சமைத்து வைத்தார். தலை வாரிவிட்டார். கால் பிடித்துவிட்டார். ஆனால் பேச வாய் வரவில்லை. பகல் முழுக்க யார் யாருக்காகவோ அழுதும் கொஞ்சியும் கெஞ்சியும் பேசிவிட்டு வருகிறவருக்கு, சொந்த வீட்டில் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. பேசினால் நடிப்பதுபோல இருந்துவிடுமோ என்று பயந்தார். ஒருநாள் துவைத்த துணிகளை அடுக்கப் பீரோவைத் திறந்தபோது, மருமகளின் புடவைகளுக்கு நடுவே ஒரு ஜோடி மஞ்சள் காலுறை இருந்தது. கட்டைவிரல் அளவு. அவள் கையால் பின்னியது. அத்தை கதவைச் சாத்திவிட்டு ஒன்றும் பார்க்காதவர்போல வெளியே வந்தார்.

அந்த வாரம் தொடரில் ஆம்பலின் தங்கைக்குக் கர்ப்பம் கலைந்துபோகிற காட்சி வந்தது. ஆம்பல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு நெடுநேரம் பேசுகிறாள். மூலத்தில் என்னவோ உப்புச்சப்பில்லாத வசனம். எல்லாம் சரியாகிவிடும், எழுந்து முகம் கழுவு, விருந்தாளிகள் வருகிறார்கள் என்கிற மாதிரி. டப்பிங் அறையில் ஒரு பேச்சு உண்டு. முகம் தெரிந்தால் வாயசைப்புக்குக் கட்டுப்பட வேண்டும், முதுகு தெரிந்தால் அந்த இடம் நம்முடையது. என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

"தம்பி, இந்த இடத்துல நானே ரெண்டு வார்த்தை சொல்லிக்கட்டுமா?" என்று அத்தை கேட்டார்.

வசனகர்த்தா அவர் முகத்தைப் பார்த்தார். அக்கா வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும். "முதுகு உங்களுக்குத்தான் அக்கா" என்றார்.

அத்தை பேசினார். "அந்தக் காலுறைய யாருக்கும் குடுத்துடாத. தூக்கியும் போடாத. உன் புடவைக்கு நடுவுலயே இருக்கட்டும். எல்லாரும் சொல்றதக் கேக்காத. அது இருந்த பிள்ளை. வயித்துல இருந்துது, உதைச்சுது, உன் குரலைக் கேட்டுது. இருந்த பிள்ளைக்கு எவ்வளவு நாள் வேணா அழலாம்."

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "அக்கா, காட்சியில காலுறையே இல்லையே, எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டார். வசனகர்த்தா அவரைக் கையமர்த்தினார். வசனம் அப்படியே போனது. அது ஒளிபரப்பான மாலைக்கு அடுத்த நாள் மருமகள் எழுந்து, தானே தலைக்குக் குளித்தாள். அதன்பிறகு ஒருநாள்கூட அந்தத் தொடரைப் பார்க்கத் தவறவில்லை. இந்தப் பிள்ளை தங்கியது தெரிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே, "போன தடவை பேரு இல்லாமப் போயிடுச்சு. இந்தத் தடவை வர்றதுக்கு முன்னாடியே பேரு இருக்கணும்" என்பதுதான்.

இப்போது அந்தப் பெயர்க்காரி ஒரு கைக்குழந்தைக்கு விஷம் கொடுக்கப்போகிறாள். இன்னும் சில வாரங்களில், பிரசவ நாளை ஒட்டி அது ஒளிபரப்பாகும்.

மறுநாள் அத்தை வேலை தொடங்கும் முன்பே வசனகர்த்தாவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் மாத்திடலாமே. தெரியாம மருந்து மாறிப்போச்சு, வேற யாரோ பண்ணச் சொன்னாங்கன்னு ஏதாவது."

"முகம் நேரா இருக்கேக்கா. அவ சிரிக்கிறா. படம் ஒண்ணு சொல்லும்போது நம்ம வசனம் வேற சொன்னா யாரு நம்புவாங்க?"

"முதுகு எங்கயும் இல்லையா?"

"நேத்தே தேடிப் பார்த்துட்டேன். இல்ல."

அவரும் தேடியிருக்கிறார் என்பது அத்தைக்கு ஆறுதலாக இருந்தது. இருவரும் தேநீர்க் கோப்பைகளோடு படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பேரை எங்கேர்ந்து புடிச்சீங்க தம்பி? என் மருமக அதுக்கு அர்த்தமெல்லாம் பார்த்து வச்சிருக்கா."

வசனகர்த்தா சங்கடமாகச் சிரித்தார். "உண்மையச் சொன்னா திட்டக்கூடாது. மூலத்துல அவ பேரச் சொல்லும்போது நடுவுல உதடு மூடித் திறக்கும். அதனால நடுவுல உதடு மூடற பேரா வேணும். செம்பா, ரம்யா, ஆம்பல்னு மூணு எழுதினேன். மத்த ரெண்டும் வேற சீரியல்ல இருக்குன்னாங்க. மிச்சம் இருந்தது இதுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா. அல்லிப்பூன்னே எனக்கு அப்புறம்தான் தெரியும்."

அத்தை கோப்பையைப் படியில் வைத்தார். பிறகு சொன்னார். "கதைய வெளியில சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன். இத்தனை வருஷத்துல பெத்த பிள்ளைகிட்டகூடச் சொன்னதில்ல. இப்ப வீட்டுல ஒருத்திகிட்ட சொல்லணும்."

வசனகர்த்தா எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "எனக்கு இந்தக் காது சரியாக் கேக்காது அக்கா. நீங்க என்னமோ சொன்னீங்க, என்னன்னு தெரியல" என்றபடி உள்ளே போய்விட்டார். இரண்டு காதும் அவருக்கு நன்றாகக் கேட்கும். சிலர் உதவி செய்கிற விதம் அப்படித்தான். செய்ததாகவே தெரியாது.

ஆனாலும் அத்தை உடனே சொல்லிவிடவில்லை. மருமகள் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், இன்று முகம் தெளிவாக இருக்கிறது, கெடுக்க வேண்டாம் என்று நினைப்பார். தூங்காத நாளில், ஏற்கெனவே களைத்திருக்கிறாள், வேண்டாம் என்று நினைப்பார். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன, பிரசவம் வரைக்கும் டிவி கெட்டுப்போனதாகச் செய்துவிடலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தார். பிறகு பூஜை அலமாரி முன்னால் நின்று, கேட்க எதுவும் தோன்றாமல், "என் வாயைக் கொஞ்சம் திறந்துவிடு" என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

ஒரு மதியம் கட்டில் முழுக்கத் துணி குவிந்திருந்தது. அத்தை மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, என்ன ஆச்சு உங்களுக்கு? அந்த ஒரே துண்டை எத்தனை தடவை மடிப்பீங்க?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எழுந்திருக்காத, படுத்துக்கிட்டே கேளு."

"பயமுறுத்தாதீங்க."

"சீரியல் சமாசாரம்தான்."

"அவ்வளவுதானா? என்னமோ ஏதோன்னு நெனச்சேன்." அவள் சிரித்தாள். "ஆனா நீங்க கதை சொல்லவே மாட்டீங்களே. நான் எவ்வளவு கெஞ்சினாலும் 'பார்த்துத் தெரிஞ்சுக்கோ'ன்னுதானே சொல்லுவீங்க."

அத்தை சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நடிகை போகிறது, மருந்து, சிரிப்பு, குழந்தை, மாடி. மருமகளின் கை மெல்ல வயிற்றின் மேல் வந்து நின்றது. 

"எத்தனை வயசுக் குழந்தை?"

"கைக்குழந்தைதான்."

"நீங்க பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன்."

"எப்படிப் பேசினீங்க?"

பொய் சொல்லலாம். அழுதுகொண்டே பேசினேன், மனசில்லாமல் பேசினேன் என்று சொல்லலாம். அத்தை சொல்லவில்லை. "நல்லாத்தான் பேசினேன். ஒரே தடவையில முடிஞ்சுது. அது என் வேலைம்மா."

மருமகள் கேட்டாள். "அப்ப அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னு பேசினதும் வேலைதானா?"

"எந்த ஜன்னல்?"

"காலுறைன்னு சொன்னீங்களே, அந்த ஜன்னல்."

அத்தையின் கையிலிருந்த துண்டு மடியில் விழுந்தது.

"அந்தச் சீரியல் வீட்டுல காலுறை ஏது அத்தை?" என்றாள் மருமகள். "யாரு பின்னினா? நான்தான் பின்னினேன். என் பீரோலதான் இருந்துது. அந்தப் பீரோவ என்னைத் தவிரத் திறக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னைக்கே தெரியும். நீங்க சமையலறையில காய் நறுக்கிக்கிட்டு இருந்தீங்க. டிவில உங்க குரல் வந்துது. அந்த நேரம் கத்திச் சத்தம் நின்னுபோச்சு. பேசி முடிக்கற வரைக்கும் நீங்க நறுக்கவே இல்ல."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஓடிப்போயிருப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது வேலை இல்லம்மா. நேர்ல சொல்ல வாய் வரல. நடிக்கிற மாதிரி இருந்துடுமோன்னு பயம். அதான் அவ முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுச் சொன்னேன்."

"இப்ப நேர்ல சொல்லுங்க."

"என்னத்த?"

"அதையேதான்."

மைக் இல்லை. திரை இல்லை. எதிரே ஒரு முகம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை ஆரம்பித்தார். வார்த்தைகள் வரிசையாக வரவில்லை. காலுறையில் தொடங்கி, எங்கோ போய், "எனக்கும் பேரப்பிள்ளைதானே அது, நானும் அதைத் தூக்கல" என்று, அன்றைக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார். குரல் பிசிறியது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இப்படிப் பேசியிருந்தால் இன்னொரு டேக் போகலாம் என்றிருப்பார்கள். மருமகள் அவர் கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, அப்படியே நெடுநேரம் படுத்திருந்தாள்.

அத்தை பிறகு உதட்டுக் கதையையும் சொன்னார். "உதடு மூடணும்னு வச்ச பேரா?" என்று மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் முகம் மறுபடி வாடியது.

"பேரை என்ன பண்றது?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

"தெரியல அத்தை. நீங்க சொன்னதுலேர்ந்து கூப்பிட வாய் வரல."

அதன்பிறகு அவள் வயிற்றோடு பெயர் சொல்லிப் பேசவில்லை. தடவிக்கொடுப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் உள்ளே பிள்ளை உதைத்தபோது "ஆ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டதை அத்தை கேட்டார். மகன் ஒன்றும் புரியாமல், "என்ன, எங்க வீட்டு ஆம்பல் இன்னைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனான். உண்மையைச் சொன்னது சரிதானா என்ற கேள்வி அத்தையை அரித்தது. ஒரு தாய் கையில் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு என்ன கொடுத்தோம்? கடவுளே, இந்தப் பிள்ளையும் பெயர் இல்லாமல் வர விடாதே என்று நடக்கும்போதும் சமைக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காட்சி ஒளிபரப்பான அன்று மருமகள் டிவியைப் போடவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் வலி எடுத்தது. பகல் முழுக்க ஆஸ்பத்திரி நடையில் மகனும் அத்தையும் எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. சூரியன் சாயும் நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு அழுகை கேட்டது. மெலிந்த, கோபமான, நிற்காத அழுகை. மகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார்.

மறுநாள் காலை வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. குழந்தை தாயின் பக்கத்தில் துணிச்சுருளாகக் கிடந்தது. அடுத்த கட்டிலில் இரண்டாவது பிள்ளை பெற்ற ஒரு பெண், துணைக்கு வந்திருந்த தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். வார்டு முழுக்க ஒரே பேச்சுதான்.

"பாத்தீங்களா அந்தப் பாவிய? நாலு வருஷமா நம்மள எல்லாம் ஏமாத்திட்டாளே" என்று எதிர்க் கட்டிலிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்கு இன்னும் காதுலயே நிக்குதும்மா. எங்க அக்கா பொண்ணுக்கும் அந்தப் பேருதான். மூணு வயசாகுது. நேத்தே மாத்திட்டாங்களாம். புதுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அது திரும்பவே மாட்டேங்குதாம். யாரையோ கூப்பிடறாங்கன்னு பின்னாடி திரும்பிப் பாக்குதாம். 'நான் என்ன தப்பு பண்ணேன்'னு அழுதுதாம்" என்றாள் இரண்டாவது பிள்ளை பெற்றவள்.

அத்தை குழந்தையின் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். மருமகள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்தார். "குழந்தைக்குப் பேர் வச்சாச்சா, இல்ல அம்மா பேர்லயே இருக்கட்டுமா? அப்புறமாகூடச் சொல்லலாம், அவசரம் இல்ல."

மகன் மனைவியைப் பார்த்தான். அத்தை நிமிர்ந்தார்.

"வச்சாச்சு" என்றாள் மருமகள். "ஆம்பல்."

நர்ஸின் பேனா அட்டைக்கு மேல் நின்றது. அடுத்த கட்டிலில் பேச்சு அடங்கிவிட்டது. அந்த அம்மாள் மெதுவாக, "ஏம்மா, சீரியல் பாக்கறதில்லையா நீ? அவ இப்ப கொலைகாரியாச்சே" என்றார். வைகிற குரல் அல்ல. தெரியாமல் குழியில் கால் வைக்கிற பெண்ணைத் தடுக்கிற குரல்.

"தெரியும்மா. எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் மருமகள். "நான் அவளப் பார்த்து வைக்கல. எனக்கு ரொம்ப மோசமான நேரத்துல ஒருத்தங்க அந்தப் பேருல வந்து எனக்கு ஆறுதல் சொன்னாங்க. அவங்களுக்காக வைக்கறேன். அதுவுமில்லாம..." அவள் குழந்தையைப் பார்த்தாள். "வயித்துல இருந்த வரைக்கும் இவளை இந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன். கடைசிக் கொஞ்ச நாள் கூப்பிடல. இவ என்ன தப்பு பண்ணா?"

அந்த அம்மாள் தலையாட்டினார். சற்றுக் கழித்துத் தன் மகளிடம், "உங்க அக்காவுக்கு ஒரு போன் போடு" என்று சொன்னது கேட்டது.

நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டு போனார். மகன் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஏறுன்னு வச்சிருக்கலாம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வந்து வெளியே போய்விட்டான்.

"அத்தை, தூக்குங்க" என்றாள் மருமகள்.

அத்தை தூக்கினார். கனமே இல்லை. ஆனாலும் இன்னொரு பிள்ளையின் கனத்தையும் சேர்த்துத் தூக்குவதுபோல இருந்தது.

"கூப்பிடுங்க."

"நீ கூப்பிடும்மா. நீதானே வச்சே."

"நான் நிறையக் கூப்பிட்டுட்டேன். நீங்க கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல."

அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. நாலு வருஷமாக அந்தப் பெயரோடு வாழ்ந்தும் அவர் வாய் அதைச் சொன்னதே இல்லை. வீட்டிலும், மருமகள் சொல்லக் கேட்டுத் தலையாட்டியதோடு சரி. தொடரில் மாமியார் கூப்பிடுவாள், கணவன் கூப்பிடுவான், நாத்தனார் கூப்பிடுவாள். "என்னங்க" என்றும் "இதோ வந்துட்டேன்" என்றும் பதில் சொல்வதுதான் இவர் பங்கு. தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்கிறவர் யார்?

தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலைக்குப் பேசுகிற இளம்பெண் குரல் பழக்கத்தில் முன்னே வந்து நின்றது. அதை விலக்கிவிட்டு, காலையில் எழுந்ததும் வருமே, அந்தக் கரகரத்த கிழட்டுக் குரலில் கூப்பிட்டார்.

"ஆம்பல்."

குழந்தை கண் திறக்கவில்லை. கொட்டாவி விட்டது. துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டது. அத்தை இன்னொரு முறை கூப்பிட்டார்.